ஸ்கேலக்காவின் ஒரு சென்டிமீட்டர்

அந்தத் தையல் கம்பெனியில் ஸ்கேலக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒரு அடி நீள இரும்பு ஸ்கேல் எந்நேரமும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். சாப்பிட உட்காரும்போது மட்டும் அதை உருவி டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைப்பார். பத்தாவது வரை படித்தவர். பதினாறு வருஷ வேலையில் முதல் ஒன்பது வருஷம் மெஷினில் உட்கார்ந்து தைத்தார், அடுத்த ஏழு வருஷம் பேட்டர்ன் அறையில் நின்றார். சட்டைக்கு முன்பக்கம் எப்படி, பின்பக்கம் எப்படி, கை எப்படி என்று காகிதத்தில் வரைந்து கொடுக்கிற அறை அது. அங்கே போகிற கோடு ஒரு நூல் பிசகினால், வெளியே ஆயிரம் சட்டை பிசகும்.

நான் சிஸ்டம் ஆளாக அங்கே சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கே போனாலும் இதை முதலில் சொல்லிவிடுவேன், இங்கேயும் சொல்லியாயிற்று. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், அதுவும் நாக்கைக் கடித்துக்கொண்டு. ஊரில் என் பட்டமளிப்புப் படத்தைச் சாமான் அலமாரிக்கு மேலே, யார் வந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறார். "கம்ப்யூட்டர் ஆபீசர்" என்றுதான் என்னைப் பற்றிச் சொல்வார். நானும் திருத்தியதில்லை.

பேட்டர்ன் அறையில் அதுவரை ஒரு மாஸ்டர் இருந்தார். விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருளைத் திருட்டுத்தனமாக ஏற்றி, வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்த மென்பொருள் கம்பெனியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. முதலாளிக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் அழி, தடயம் இருக்கக் கூடாது" என்றார். அழித்தேன். அந்த வாரமே மாஸ்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் உட்கார்ந்த சுழல் நாற்காலி காலியானது.

அந்த நாற்காலிக்கு மேனேஜர் மனதில் ஓர் ஆள் இருந்தார். அதே மென்பொருளில் ஆறு மாதம் பயிற்சி முடித்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருப்பவர். ஆனால் அவரைக் கொண்டுவந்தால் மென்பொருளையும் விலைக்கு வாங்க வேண்டும். முதலாளி தாடையைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன்.

கல்லூரியில் கட்டற்ற மென்பொருள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அதற்கென்று அடித்த பனியன் இன்னும் என்னிடம் இருக்கிறது. பேட்டர்ன் வரைய அந்த மாதிரி ஒன்று உண்டு, உலகமெங்கும் தையல் தெரிந்தவர்களும் நிரல் தெரிந்தவர்களும் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று சொன்னேன்.

"எத்தனை மெஷின்ல வேணாலும் போடலாம் சார். எந்த வக்கீலும் கேட்க முடியாது. உள்ளே எப்படி வேலை செய்யுதுனு திறந்தே பார்க்கலாம்."

"உள்ளே என்ன இருந்தா எனக்கென்னய்யா? ஓசியா, இல்லையா?"

"இலவசம்தான் சார். ஆனா முக்கியமான விஷயம் அது இல்ல..."

"அதுதான்யா முக்கியம்."

ஸ்கேலக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி சொல்றதை நான் கத்துக்கறேன் சார். மாஸ்டர் வேலையை நானே பாக்கறேன்" என்றார். மேனேஜர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "மூணு மாசம் பார்ப்போம். ஒரு பீஸ்கூட கோளாறாகாம ஓட்டிட்டா அந்த நாற்காலி உனக்குத்தான்" என்றார்.

அன்றிலிருந்து அந்த நாற்காலியைத் துடைத்து மேஜைக்குள் தள்ளி வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார். "உக்காருங்கக்கா, யாரு கேட்கப் போறாங்க" என்றால், "கிடைச்சப்புறம் உக்காருறேன் தம்பி. அதுவரைக்கும் அது என்னை வேடிக்கை பாக்கட்டும்" என்பார்.

வீட்டிலும் பழக வேண்டும் என்று என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். ஒரே அறை. ஒரு மூலையில் தையல் மெஷின், இன்னொரு மூலையில் அடுப்பு, நடுவில் கொடியில் துணி. அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். யாரோ வேண்டாம் என்று தள்ளிய லேப்டாப் ஒன்றை அவர் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கீபோர்டில் ஒரு எழுத்துக்கு மேல்மூடியே இல்லை. அதில் இருந்த காசு கொடுத்து வாங்கும் சிஸ்டம் திறக்கவே கால் மணி நேரம் எடுத்தது. அதைத் துடைத்துவிட்டுக் கட்டற்ற ஒன்றைப் போட்டேன். கிழட்டு லேப்டாப் எழுந்து ஓடியது.

"இவ்வளவு நல்லா ஓடுதே, இதை எதுக்கு தம்பி சும்மா குடுக்கறாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா இல்லண்ணே. நமக்குத் தெரிஞ்சதை நாம சேர்ப்போம், அவங்களுக்குத் தெரிஞ்சதை அவங்க சேர்ப்பாங்க."

"அப்ப இவளைச் சேர்த்துக்கச் சொல்லு. வீட்டுக்குள்ள வந்தா அந்த ஸ்கேலை முதல்ல வாங்கி வெச்சுக்குவேன் தம்பி. இல்லைனா என்னையும் அளந்து, இங்க ரெண்டு சென்டி கூடுதல்னு சொல்லுவா."

"ரெண்டா? வயித்தைப் பாத்து சொல்லு" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் நாலு நாள் கையேடு படித்துப் புரிந்துகொண்டதை அவர் அந்த ஒரு மத்தியானத்தில் பிடித்துவிட்டார். அந்த மென்பொருளில் கோட்டைக் கையால் இழுப்பதோடு, மார்பளவில் கால்வாசி, அதோடு இவ்வளவு என்று கணக்காகவும் சொல்லலாம். அளவை மாற்றினால் சட்டை முழுவதும் தானே மாறி நிற்கும். அவர் தலைக்குள் பதினாறு வருஷமாக இருந்ததும் அதே கணக்குதான். "என் மண்டைக்குள்ள இருந்து எட்டிப் பாத்து எழுதின மாதிரி இருக்கே" என்றார்.

இரண்டாவது வாரம் அதில் ஒரு குறை கண்டுபிடித்தார். சின்னப் பிள்ளைகள் அளவுக்கு இறக்கும்போது, கை வந்து பொருந்துகிற கைக்குழியின் வளைவு ஓர் இடத்தில் மடங்கியது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதி, படத்தோடு அந்த மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், "சரியாகச் சொன்னீர்கள், திருத்திவிட்டோம், நன்றிப் பட்டியலில் என்ன பெயர் போட?" என்று கேட்டிருந்தார்.

"என் பேரைப் போட்டா இங்க யாருக்குத் தெரியும்? ஸ்கேலக்கானு போடச் சொல்லு."

போட்டார்கள். அடுத்த பதிப்பில், வாயில் நுழையாத இருபது முப்பது பெயர்களுக்கு நடுவில் ஆங்கில எழுத்தில் ஸ்கேலக்கா. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து, "நாலு சென்டி இருக்கு தம்பி என் பேரு" என்றார். நானும் ஏதோ நாட்டுக்கே உழைத்தவன் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

இரண்டு மாதம் ஒரு பீஸ் கோளாறாகவில்லை. மூன்றாவது மாதம் ஒரு புதிய வாடிக்கைக் கம்பெனி வந்தது. பேட்டர்னை அந்த விலை மென்பொருளின் கோப்பாகத்தான் அனுப்ப வேண்டும், வேறு எதையும் திறக்க மாட்டோம் என்றது. மேனேஜர் முகத்தில் வெளிச்சம் அடித்தது. ஒரே ஓர் உரிமம் வாங்கினார்கள். கட்டைவிரல் அளவு சிவப்புச் சாவி ஒன்று வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும்.

சாவி எந்த மெஷினில் இருப்பது என்று பேச்சு வந்தபோது மேனேஜர், "விலை உயர்ந்த பொருள். டிகிரி படிச்சவங்க தொடட்டும்" என்று என் அறையைக் காட்டினார். வேலை தெரிந்தவர் ஸ்கேலக்கா. சாவி எனக்கு. நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் பண்ணி அதைச் சொன்னேன்.

அதன்பின் வேலை இப்படி நடந்தது. அக்கா கட்டற்ற மென்பொருளில் வரைந்து பென் டிரைவில் கொடுப்பார். நான் அதைச் சாவி போட்ட மெஷினில் ஏற்றி, அவர்கள் கேட்கும் கோப்பாக மாற்றி வாடிக்கைக் கம்பெனிக்கு அனுப்புவேன். துணியை வெட்டுகிற கட்டிங் பகுதிக்கும் அங்கிருந்தே அச்செடுத்துக் கொடுப்பேன்.

முதல் தடவை ஏற்றும்போது அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றார். திரையில் ஒரு கட்டம் வந்தது. அதைப் படித்துக் காட்டச் சொன்னார். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் ஓரம் சேர்க்கவா என்று கேட்டது, ஏற்கெனவே டிக் போட்டும் வைத்திருந்தது.

"அதை எடுத்துடு தம்பி. தையலுக்கு விடுற ஒரு சென்டி என் கோட்டுலயே இருக்கு. இது இன்னொரு தடவை சேர்த்துடும். ஒவ்வொரு தடவையும் பார்த்து எடு, என்ன?"

"சரிக்கா, சரிக்கா" என்றேன். தையலுக்கு ஓரம் விடுவது என்றால் என்னவென்றே எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. கேட்டிருக்கலாம். பத்தாவது படித்தவரிடம் பட்டதாரி எப்படிக் கேட்பது? டிக்கை எடுத்தேன், மென்பொருள் அதை நினைவில் வைத்துக்கொண்டது, அதற்குப் பிறகு கட்டமும் தலைகாட்டவில்லை. நானும் மறந்தேன். பத்து நாள் கழித்து, "ஏசி ரூம்ல கண்டவங்க வந்து நிக்க வேணாம்" என்று மேனேஜர் சொன்னதில் அக்கா வருவதும் நின்றது.

மூன்று மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. குழந்தைகள் மேல்சட்டைக்கு ஓர் அவசர ஆர்டர். முதலில் ஒரு சட்டை தைத்துப் பார்த்துவிட்டுத்தான் மொத்தமாக வெட்டுவது வழக்கம். "நேரம் இல்ல, நேரா வெட்டுங்க" என்றார் மேனேஜர். அன்று காலை மெஷினைத் திறந்ததும் அந்த விலை மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. என்னென்ன மாறியது என்று அது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பென் டிரைவைப் போட்டேன். கட்டங்கள் வந்தன. சரி, சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனேன்.

மத்தியானம் கட்டிங் மாஸ்டர் போன் பண்ணினார்.

"என்னப்பா, கழுத்து சின்னதாத் தெரியுதே?"

"ஸ்கிரீன்ல சரியாத்தான் இருக்கு மாஸ்டர்."

"ஸ்கிரீனுக்குத் தலை கிடையாதுப்பா, பிள்ளைக்கு இருக்கு."

"அக்கா வரைஞ்சதை அப்படியேதான் மாத்தியிருக்கேன்" என்றேன். அவர் வெட்டினார். இரண்டாயிரத்துச் சொச்சம் சட்டைக்கு.

மறுநாள் தையல் லைனில், தோள் மட்டும் முடிந்த முன்னூறு சட்டைகளுக்குக் கை வைக்கப் போனபோது, கை பெரிதாகவும் கைக்குழி சின்னதாகவும் இருந்தன. எப்படித் திருப்பினாலும் உட்காரவில்லை. லைன் நின்றது. சத்தம் கேட்டு அக்கா ஓடினார். நான் என் அறைக்கு ஓடினேன்.

விலை மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன். டிக் இருந்தது. புதுப்பித்தபோது எல்லாம் பழையபடி மாறியிருந்தது. ஒரு சென்டிமீட்டர், சுற்றிலும். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அந்த டிக்கை எடுத்தேன். அந்த நேரத்தில் கதவைத் திறந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டியதுதான். டிக்கை எடுத்துவிட்டு, திரையை அணைத்துவிட்டு, தண்ணீர் குடித்தேன்.

விசாரணை முதலாளி அறையில் நடந்தது. முதலாளி, மேனேஜர், கட்டிங் மாஸ்டர், அக்கா, நான். மேஜை மேல் வெட்டிய துண்டுகள். அக்கா ஸ்கேலை உருவி, தன் காகிதப் பேட்டர்னைத் துண்டின் மேல் விரித்தார்.

"பாருங்க சார். பக்கவாட்டுல ஒரு சென்டி வெளியே. கீழே ஒரு சென்டி வெளியே. கழுத்துக் குழியில ஒரு சென்டி உள்ளே, கைக்குழியிலயும் ஒரு சென்டி உள்ளே. ஆள் தப்பா வரைஞ்சா இப்படி வராது. இங்க ஒரு நூல், அங்க அரை சென்டினு கோணலா வரும். இது ஒரே சீரா வந்திருக்கு. என் கோட்டுக்கு வெளியே சுத்தி இன்னொரு தடவை ஓரம் சேர்ந்திருக்கு. துணி வீணாகல, சுத்தி ஒரு சென்டி சீவிட்டா சரியாப் போயிடும்."

"அப்ப யார் சேர்த்தது?" என்றார் மேனேஜர்.

அக்கா என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "தம்பி, நீ சொல்லு" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் இருந்தது. அலமாரிக்கு மேலே இருந்த படம் கண்ணுக்குள் வந்தது. அது சாக்கு என்று எனக்கே தெரியும். தெரியாமல் தட்டிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். தெரியாது என்ற வார்த்தையைப் பட்டம் வாங்கிய நாளிலிருந்து நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ரெண்டு மென்பொருளும் வேற வேற சார். மாத்தும்போது இப்படி வரலாம்" என்றேன். மேனேஜர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு இலவசமா வர்றதுதானே சார். உத்தரவாதம் கிடையாது."

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் மேனேஜர்.

ஸ்கேலை இடுப்பில் செருகப் போன அக்கா, குறி தப்பி, மறுபடி செருகினார்.

அடுத்த மூன்று நாள் அவரும் கட்டிங் மாஸ்டரும் சேர்ந்து அத்தனை துண்டையும் அடுக்கடுக்காகப் போட்டுச் சுற்றிலும் சீவினார்கள். அந்த முன்னூறு தோளையும் பிரித்தார்கள். பெரிதாக வெட்டியதில் துணி பற்றாமல் போய், கடைசி அளவுச் சட்டைகளுக்கு மறுபடி துணி வரவழைக்க வேண்டியிருந்தது. சட்டைகள் நாலு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சீவியதும் சரியானது என்றாலே அவர் கோடு சரி என்று அர்த்தம். அதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. கட்டிங் மாஸ்டருக்குப் புரிந்தது. முதலாளிக்கும் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாலு நாள் தாமதத்துக்கு வாடிக்கைக் கம்பெனிக்கு ஒரு காரணம் எழுதியாக வேண்டும்.

அந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது என்னிடம். ஆங்கிலம் எனக்குத்தானே வரும்? அங்கீகாரம் இல்லாத இலவச மென்பொருளை ஒரு பணியாளர் பயன்படுத்தியதால் ஏற்பட்ட பிழை, இனி நிகழாது என்று எழுதினேன். கல்லூரியில் நான் பேசிய கூட்டங்களிலெல்லாம் கை தட்டியவர்கள் அதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. இலக்கணப் பிழை இல்லாத கடிதம்.

சான்றிதழ்க்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா துடைத்து வைத்திருந்த நாற்காலி. இன்னும் மூன்று உரிமங்கள் வாங்கினார்கள். சாவிகளுக்கு நான் பொறுப்பு, வேலையும் நிரந்தரமாயிற்று. எல்லா மெஷினிலும் கட்டற்ற மென்பொருளை நீக்கச் சொன்னார்கள். இந்தக் கம்பெனியில் இது எனக்கு இரண்டாவது அழிப்பு. நீக்குவதற்கு முன்னால் ஒருமுறை நன்றிப் பட்டியலைத் திறந்தேன். நாலு சென்டிமீட்டர். ஸ்கேலக்கா வரைந்த நாற்பத்தொரு பேட்டர்ன்களும் இப்போது அந்தச் சிவப்புச் சாவி இருந்தால்தான் திறக்கும்.

அவரைப் பழையபடி லைனுக்கு அனுப்பினார்கள். பதினோராம் நம்பர் மெஷின், சட்டைப் பை தைக்கிற இடம். பை தைக்க ஸ்கேல் வேண்டாம், பை அளவுக்கே வெட்டிய தகடு வைத்திருப்பார்கள். முதல் ஒரு வாரம் இடுப்பில் ஸ்கேல் இருந்தது. பிறகு காணோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு டீ இடைவேளையில் அவர் தனியாகச் சுவரோரம் நிற்பதைப் பார்த்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போனேன்.

"அக்கா, அன்னைக்கு அந்த டிக்கு..."

"தெரியும் சார்."

அதுவரை என்னை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். லைனில் இருக்கும் பெண்கள் மேனேஜரைக் கூப்பிடுவது போல, அதே குரலில், அதே தூரத்தில் வந்தது அந்த சார்.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லலை?"

"சொன்னேனே சார். உங்களைப் பாத்து, நீ சொல்லுனுதானே சொன்னேன்."

"முதலாளிகிட்ட இப்ப வேணும்னா நான்..." என்று இழுத்தேன். அந்த வாக்கியத்தை நான் முடிப்பேனா என்று அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் முடிக்கவில்லை. மணி அடித்தது.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வழி விடுங்க சார், லைன் நிக்குது" என்று போய்விட்டார்.